தள்ளிவைத்த ஆறு அளவுகள்

கோவை
11.10.2004

சென்னம்மாளுக்கு,

உன் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு நேற்று மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் நீ குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ஒருத்தி ஒரே நாளில் மூன்று முறை குளிக்கும் அளவுக்கு மண்ணரையில் தண்ணீர் வருவதில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஊறுகாய் பாட்டிலைக் காட்டி நான் சொன்னதை நீ மறக்கவில்லை போலிருக்கிறது. ‘உப்பைக் கொட்டிக் கொட்டித்தானே அவனைப் படுக்க வைத்தாய்’ என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். அதைப் பிறகு பார்க்கலாம். இப்போது வேறு வேலை இருக்கிறது.

ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். அதில் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன். தகவல் ஏதாவது தவறாக இருந்தால் சொல்.

‘என் தம்பி கன்னையன், வயது 43, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கடந்த பிப்ரவரியில் தலைவலிக்காகத் தங்களிடம் வந்தபோது மூன்று தடவையும் இரத்த அழுத்தம் 165-க்கு மேல் இருந்தது; மாத்திரையும் தொடங்கினார்கள். டாக்டரைப் பார்க்கும் பதற்றத்திலும் அப்படி ஏறலாம் என்பதால், இருபத்துநான்கு மணிநேரமும் அளக்கும் கருவியைக் கட்டிப் பார்க்கும்படி நான் கேட்டேன். 17ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குத் தங்கள் ஊழியர் நதியா, அவன் இடது கையில் பட்டையையும் இடுப்பில் பெட்டியையும் கட்டி அனுப்பினார். பகலில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறையும் இரவில் அரை மணிக்கு ஒரு முறையும் பட்டை தானாக இறுகி அளவெடுத்தது. பகல் அளவுகள் முப்பத்தொன்பது, சராசரி 122/78. ஆகவே மாத்திரை தேவையில்லை என்று முடிவாயிற்று. செப்டம்பர் 21ஆம் தேதி வேலையிடத்திலேயே பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. இதயம் தடித்திருப்பதைப் பார்த்தால் அழுத்தம் பல வருடமாகவே இருந்திருக்கிறது என்று தங்கள் டாக்டரே சொல்கிறார். அப்படியானால் பிப்ரவரியில் அது ஏன் தெரியவில்லை? ஒன்று கருவி பழுது, அல்லது கட்டியவருக்குக் கட்டத் தெரியவில்லை.’

அந்தப் பெண் நதியா வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்ததாம். விசாரித்துவிட்டேன்.

அடுத்தது நுகர்வோர் நீதிமன்றம். அதற்கு அசல் காகிதங்கள் வேண்டும். கருவி அச்சடித்துக் கொடுத்த தாள், ஒவ்வொரு அளவின்போதும் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கன்னையன் கைப்பட எழுதிய பதிவுத்தாள், இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பு.

மாரக்காள்


மண்ணரை
20.10.2004

மாரக்காள் நங்கையாளுக்குச் சென்னம்மாள் எழுதிக்கொண்டது.

உங்க கடுதாசி கெடச்சதுங்க. உங்க தம்பிக்கு இப்ப இடுப்பு நிக்குது. சொவத்துல சாத்தி உக்கார வெச்சா பத்து நிமிசம் உக்காந்துக்கறாரு. வலது கை அப்படியேதான் கெடக்குது. பேச்சு இல்லை, சத்தம் மட்டும் வருது. கஞ்சி குடிக்கறப்பப் புரையேறுதுன்னு கெட்டியாக் கரைச்சுக் குடுக்கறேன். உப்புப் போடறதில்லீங்க.

ஊறுகாய் பாட்டிலப் பத்தி எழுதியிருந்தீங்க. அது எங்களோடது இல்லீங்க. அடுத்த கட்டில்ல இருந்த தாராபுரத்துக்காரங்களோடது. அவங்க முக்காலியில எடம் இல்லைன்னு எங்க முக்காலியில வெச்சிருந்தாங்க. நீங்க சத்தம் போட்டதும் அந்தம்மா பயந்து போயி அதை எடுத்து முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிட்டாங்க. நீங்க கவனிக்கலை. எனக்கு அப்பச் சொல்ல வரலைங்க. அழுகைதான் வந்துச்சு.

நீங்க கேட்ட காகிதம் ரெண்டும் எங்கே வெச்சோம்னு தெரியலை. தேடிப் பாக்கறேன்.

கோர்ட்டுக்கெல்லாம் போக வேண்டாமுங்க. கோர்ட்டுக்குப் போயிட்டா கை எந்திரிச்சுருமா? அந்தப் பொண்ணு மேல தப்பு ஒண்ணும் இருக்காதுங்க. நல்லாத்தான் கட்டி அனுப்புச்சு.

நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க.

இப்படிக்கு
சென்னம்மாள்


கோவை
28.10.2004

சென்னம்மாளுக்கு,

ஊறுகாய் விஷயத்தில் தவறு என்னுடையது. அந்த அம்மாளிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும், பெயர்கூடத் தெரியாது.

மற்ற விஷயத்துக்கு வருகிறேன். ‘நல்லாத்தான் கட்டி அனுப்புச்சு’ என்று எழுதியிருக்கிறாய். அது உனக்கு எப்படித் தெரியும்? அன்று காலை கட்டும்போது நீ ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒருவர்மீது இரக்கம் இருக்கலாம். அதை வைத்து அவருக்கு வேலை தெரியும் என்று சொல்லிவிட முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்துவிட்டது. கருவியைச் சோதித்தார்களாம், பாதரசக் கருவியோடு ஒத்துப்போகிறதாம். விசாரணை முடியும்வரை அந்தப் பெண்ணை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். என்னிடம் கேட்டால், அவர்கள் பாதி ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றே அர்த்தம்.

அச்சடித்த தாள் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. எண்களை எல்லாம் அப்போதே என் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் வழக்கு உன் பெயரில்தான் போட முடியும் என்கிறார் வக்கீல். அவன் கையெழுத்துப் போட முடியாத நிலையில் இருக்கிறான். நான் அக்காள்தானே தவிர மனைவி இல்லை. இத்துடன் மனு இருக்கிறது. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட மூன்று இடங்களில் கையெழுத்திட்டு நவம்பர் 15க்குள் அனுப்பு.

நீ எதையோ தயங்குகிறாய். கோர்ட்டுப் பயம் என்றால் நான் கூட வருவேன். வேறு ஏதாவது என்றால் எழுது.

தீபாவளிக்கு எதுவும் செய்ய வேண்டாம். நானும் செய்யப்போவதில்லை.

மாரக்காள்


மண்ணரை
9.11.2004

நங்கையாளுக்கு,

மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கேனுங்க. கையெழுத்துப் போடலை. ஏன்னு சொல்றேன். முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

போன வெசாழக்கெழமை மருந்து வாங்கப் போனப்ப மண்ணரை பஸ் ஸ்டாப்புல நதியாவைப் பாத்தேன். அந்தப் பொண்ணு ஊடு எங்க ஊட்டுக்கு ரெண்டு வீதி தள்ளித்தான். விருதுநகர்ப் பக்கமிருந்து வந்தவங்க. கையில சோத்துப் பையோட நின்னுட்டு இருந்துச்சு.

‘ஏங்கண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போகலயா?’ன்னேன், தெரியாத மாதிரி.

‘வரவேணாம்னுட்டாங்கக்கா. இப்பக் கம்பெனியில செக்கிங். முன்ன மனுசங்கள செக் பண்ணேன், இப்ப பனியன செக் பண்றேன். பனியன் எம்மேல கம்ப்ளெயிண்ட் எழுதாதுல்ல?’ன்னு சிரிச்சுச்சு.

நான் சிரிக்கலை. அதுவும் நிறுத்திக்கிச்சு.

‘மாஸ்டருக்குக் கை அசையுதாக்கா? நான் சரியாத்தான் கட்டுனேன்க்கா. ரெண்டு வெரல் நொழையுதான்னு பாத்துத்தான் கட்டுனேன். எல்லாருக்கும் அப்படித்தான் கட்டுவேன். ஆனா எல்லாரும் கேக்கக் கேக்க எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கு. அன்னைக்கு மட்டும் தளர்த்தியாக் கட்டிட்டேனோ என்னமோ’ன்னுச்சு.

அதுக்கு மேல என்னால நிக்க முடியலைங்க. மருந்துகூட வாங்காம ஊட்டுக்கு வந்துட்டேன்.

அந்தப் பகல் அளவு முப்பத்தொன்பதும் உங்க தம்பியோடது இல்லீங்க. என்னோடது.

அன்னைக்குக் காலைல அவரு பொட்டியோடதான் கம்பெனிக்குப் போனாரு. மேஜை மேல அறுபது மடிப்புத் துணி விரிச்சுக் கெடந்துச்சாம். இடது கையால துணிய அமுக்கிப் புடிச்சுட்டு வலது கையால கத்தி மிஷினத் தள்ளிட்டுப் போறப்பப் பட்டை இறுகியிருக்குது. கை மரத்துப் போயி, வெரலுக்கும் கத்திக்கும் ஒரு நூலளவுதான் எடைவெளியாம். கூட இருக்கறவங்க சும்மா உடுவாங்களா?

‘மாஸ்டரு இடுப்புல டேப்பு ரிக்கார்டரு வெச்சிருக்காரு. ஒரு பாட்டுப் போடச் சொல்லுங்கப்பா’ன்னு ஒருத்தன்.

‘பாட்டில்லடா, அது மாஸ்டரூட்டம்மா ஊட்டுல இருந்தே கைய முறுக்கறாங்க’ன்னு இன்னொருத்தன்.

இவரும் சிரிச்சிருக்காரு. அப்ப மேனேஜர் வந்து, ‘என்ன மாஸ்டர், நாளைக்கு வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வர்றான். ஒயரக் கட்டிட்டு நின்னா, சீக்காளிய வெச்சு வேலை வாங்கறோம்னு எழுதிட்டுப் போயிருவான். கழட்டுனாக் கழட்டு, இல்லாட்டி லீவப் போடு. நாச்சிமுத்துவ மேஜைக்கு உடறேன்’ன்னாராம். நாச்சிமுத்து இவருக்கு அடுத்த ஆளுங்க. ஒரு தடவை மேஜைக்கு வந்துட்டான்னா எறக்க முடியாதுன்னு இவருக்கு எப்பவும் ஒரு பயம்.

பத்து மணிக்கு வேகுவேகுன்னு ஊட்டுக்கு வந்தாரு. அதுவரைக்கும் எடுத்ததெல்லாம் கை ஆடுனதால பிழைன்னுதான் தாளுல இருக்குது. நான் பனியனுக்குப் பிசிறு வெட்டிட்டு இருந்தேன். பட்டையக் கழட்டி என்ற கையில கட்டுனாரு.

‘ஏனுங்க, என்ற கையில கட்டி என்ன ஆகப்போகுது?’ன்னேன்.

‘அக்கா ஒரு அளவுகூட உட்டுப் போகக் கூடாது, உட்டா எல்லாமே வீண்னு நூறு தடவை சொல்லியிருக்குது. கழட்டி ஆணியில மாட்டுனா மிஷின் சும்மா நிக்கும்’ன்னாரு.

‘அதுக்காக?’

‘டெய்லர் ஒருத்தன் எந்திரிச்சுப் போனா மிஷின நிறுத்தறமா? மாத்தாள உக்கார வெச்சு ஓட்டறதில்லையா? ஆளு மாறலாம், மிஷின் நிக்கக் கூடாது. ரா முழுக்க நாந்தானே கட்டிக்கப் போறேன். எல்லாத்தையும் கூட்டிப் பாத்தாச் சரியாப் போயிரும்.’

எனக்கும் அது நாயமாத்தான் பட்டுச்சுங்க. ஒரே சட்டிச் சோத்தத்தானே திங்கறோம், அவருக்கு இருக்கற பிரசர்தானே எனக்கும் இருக்கும்னு நெனச்சேன். சிரிக்காதீங்க. பத்தாவது வரைக்கும் படிச்சவதான் நான்.

ராத்திரி படுக்கறப்ப அவரு கட்டிக்கிட்டாரு. விடிஞ்சு குளிக்கறதுக்குக் கழட்டுனது, ஆஸ்பத்திரி வாசல்லதான் மறுபடி கட்டுனோம். பதிவுத்தாளுல ‘கட்டிங், டீ, கட்டிங், சாப்பாடு’ன்னு அவரேதான் எழுதுனாரு. அந்த நேரமெல்லாம் நான் பிசிறு வெட்டிட்டு இருந்தேன். ரெண்டு தாளும் காணாமப் போகலை. பீரோவுல இருக்குது.

மூணு நாள் கழிச்சு நீங்க பக்கத்து ஊட்டுப் போன்ல கூப்பிட்டு, ‘பாத்தியா, என் தம்பிக்கு ஒண்ணுமில்லை’ன்னு சிரிச்சீங்க. நீங்க சத்தமாச் சிரிச்சு அதுக்கு முன்ன நாங்க கேட்டதில்லீங்க. அதைக் கெடுக்கறதுக்கு இவருக்கு மனசு வரலை. ‘அப்பறமாச் சொல்லிக்கலாம்’ன்னாரு. நானும் உட்டுட்டேன். அந்த அப்பறம் வரவே இல்லை.

இப்ப அவரால சொல்ல முடியாது. நான்தான் சொல்லோணும். நதியா மேல போட்ட புகாரை எடுத்துருங்க. என் மேல வேணா எழுதுங்க.

சென்னம்மாள்


கோவை
2.12.2004

சென்னம்மாளுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முதலில் கோபத்தில் ஒரு பதில் எழுதினேன். அதை அனுப்பவில்லை. இரண்டாவதாக எழுதியது முதலாவதைவிட மோசம், ஏனென்றால் அதில் நான் உன்னைப் பெருந்தன்மையாக மன்னித்திருந்தேன்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நான் ஆஸ்பத்திரிக்கு நேரில் போனேன். நடந்ததைச் சொல்லிப் புகாரைத் திரும்பப் பெற்றேன். மேலாளர் எழுந்து நின்றே கேட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்து திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். நதியாவைத் திரும்ப அழைக்கிறோம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார். அவள் வீட்டு விலாசம் கேட்டேன். தரவில்லை. நீயே அவளிடம் நேரில் சொல்.

அடுத்தது, உன்னிடம் நான் சொல்லாதது.

புகாரில் ‘மாத்திரை தேவையில்லை என்று முடிவாயிற்று’ என்று எழுதியிருந்தேன். யார் முடிவு செய்தது என்று அதில் இல்லை. நான்தான் முடிவு செய்தேன்.

அன்று இரவு கருவி பதினாறு முறை அளக்க முயன்றிருக்கிறது. கன்னையன் சின்ன வயதிலிருந்தே கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுப்பவன். குழாய் மடங்கிப் பத்து முறை பிழை என்று பதிவாகியிருக்கிறது. ஆறுதான் தேறின. நோட்டில் இருக்கின்றன: 164, 158, 171, 166, 160, 169. பக்கத்தில் பென்சிலில், ‘எண்ணிக்கை போதாது. தள்ளிவைக்கலாம்.’ என் கையெழுத்துதான்.

மூன்று நாள் கழித்து முடிவு வாங்கப் போனபோதே டாக்டர் சொன்னார்: ‘ராத்திரி அளவு சரியாப் பதியலை மேடம். பதிஞ்ச வரைக்கும் அதிகமா இருக்கு. இன்னொரு தடவை கட்டிப் பாத்துரலாம். அதுவரைக்கும் மாத்திரை ஓடட்டும்.’

நான் கேட்டேன்: ‘முப்பத்தொன்பது நல்ல அளவு இருக்கும்போது ஆறு கெட்ட அளவுக்காக ஒரு மனுஷனைக் காலம் முழுக்க நோயாளி ஆக்குவீங்களா?’

அவர் தாளை என் பக்கம் திருப்பிவைத்தார். ‘நீங்க படிச்சவங்க. உங்க தம்பியும் நீங்க சொல்றதைத்தான் கேப்பாரு. யோசிச்சுச் சொல்லுங்க’ என்றார். நான் யோசிக்கவில்லை. கருவி இறுகி இறுகித் தூக்கத்தைக் கெடுத்திருக்கும், அதனால் ஏறியிருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்குத்தான் உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன். நான் சிரித்ததாக எழுதியிருக்கிறாயே, அதே போனில்தான் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. இப்போதுதான் ஏன் என்று தெரிகிறது.

தூங்கும்போது எந்த உடம்பிலும் அழுத்தம் கொஞ்சம் இறங்கவேண்டும். பகலில் 122 உள்ளவனுக்கு இரவில் 165 என்றால் அது விசித்திரம். நாடித்துடிப்போ பகலில் 84, இரவில் 62; தூக்கம் கெட்டவனுக்கு அப்படி இறங்காது. இவை இரண்டு பேருடைய எண்கள் என்று முதலாம் ஆண்டு மாணவிக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். விலகி நிற்கிற எண்ணைத் தூக்கி எறியாதே, ஏன் விலகி நிற்கிறது என்று கேள் என இருபத்திரண்டு வருடமாக வகுப்பில் சொல்லிவருகிறேன். அவன் உடம்பு சொன்னது அந்த ஆறு மட்டும்தான். நான் உன்னுடைய முப்பத்தொன்பதை நம்பினேன், எனக்கு அவை பிடித்திருந்ததால்.

நான் எதையும் சட்டென்று நம்பாதவள் என்று பெயர் எடுத்தவள். மற்றவர்கள் சொல்வதைத்தான் அப்படிச் சந்தேகித்திருக்கிறேன் போலிருக்கிறது.

நீ சொல்லாமல் விட்டது தவறு. சொல்லியிருந்தால் இன்னொரு தடவை கட்டியிருப்போம். ஆனால் நீங்கள் இருவரும் வாயே திறக்காமல் இருந்தும் அவன் தப்பியிருக்கலாம், நான் அந்த டாக்டர் பேச்சைக் கேட்டிருந்தால். இதைக் கன்னையனிடம் சொல்ல வேண்டுமா, கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு எது சரியென்று படுகிறதோ அப்படிச் செய்.

மாரக்காள்


மண்ணரை
14.12.2004

நங்கையாளுக்கு,

உங்க கடுதாசிய அவரு பக்கத்துல உக்காந்து சத்தமாப் படிச்சேனுங்க. ஒரு வரிகூட உடலை. ஆறு நம்பரும் படிச்சேன். கேட்டுட்டு இருந்தவருக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. அழுகையா சிரிப்பான்னு தெரியலை, வாய் ஒரு பக்கம்தானே போகுது. அப்பறம் ‘க்கா’ன்னாரு. வாதம் அடிச்சதுக்கு அப்பறம் வந்த மொத வார்த்தை அதுங்க. உங்க மேல கோவமிருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாருன்னு நான் நெனச்சுக்கறேன். ஆனா உள்ளுக்குள்ள என்ன இருக்குதுன்னு ஆருக்குத் தெரியும்? எனக்கும் உங்களுக்கும் சேத்து நல்ல வார்த்தை சொல்ல என்கிட்டயும் இல்லீங்க.

நதியா ஊட்டுக்குப் போனேன். அவங்க அம்மாகிட்ட மொதல்ல சொன்னேன். அந்தம்மா உள்ளே போயிட்டாங்க. நதியாதான் வந்து, ‘அப்ப நான் சரியாத்தான் கட்டியிருக்கேனாக்கா?’ன்னு கேட்டுச்சு. ‘ஆமாங்கண்ணு, நல்லாக் கட்டியிருந்தே’ன்னேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போகலையாம். லெட்டர் வந்துருச்சு, ஆனாப் போகலையாம். ‘இல்லக்கா. கம்பெனியில திட்டுனா லைனு மொத்தத்தையும் திட்டுவாங்க. அங்க இனி எந்த நம்பர் தப்புனாலும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க’ன்னுச்சு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். ‘வேணாம்க்கா, விடுங்க’ன்னுருச்சு. ரெண்டு வருசம் படிச்சு வாங்குன வேலைங்க அது. நான் அக்டோபர்லயே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியிலயே இருந்திருக்கும்.

இன்னொண்ணையும் சொல்லிப் போடறேன். உங்க நோட்டுல சாயந்தரம் நாலு மணிக்கு மேல என்ன இருக்குதுன்னு பாருங்க. அன்னைக்குப் பேப்பர் திருத்தற வேலையாத் திருப்பூர் வந்தவங்க, போற வழியில எங்க வாசலுக்கு வந்தீங்க. செருப்பக் கழட்டலை. ‘மிஷின் ஓடுதா? அவன் கழட்டலையே?’ன்னு கேட்டீங்க. பொட்டி என்ற சீலைக்குள்ளதான் இருந்துச்சு, தோளுக்குத் துண்டப் போத்தியிருந்தேன். நீங்க பேசிட்டு இருக்கறப்பவே பட்டை இறுக ஆரம்பிச்சுருச்சு. அசையாம நின்னேன். ‘ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்கறே? உள்ளே வாங்கன்னு கூப்புடற பழக்கம்கூட உங்க பக்கம் இல்லையா?’ன்னீங்க.

வாங்கன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்க. வந்து உக்காந்தா இருபது நிமிசத்துல மறுபடி இறுகும், சத்தம் கேக்கும், மாட்டிக்குவோம்னு பயந்து கூப்புடலை. நீங்களும் தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டீங்க.

மாட்டியிருந்திருக்கலாம்.

ஒண்ணாந் தேதியில இருந்து நான் கம்பெனிக்குப் போறேனுங்க. டெய்லருக்குப் பக்கத்துல நின்னு துணி மடிச்சுக் குடுக்கற கைமடி வேலை. இப்பக் குடுக்கற மாத்திரை ராத்திரியிலயும் புடிக்குதான்னு பாக்கறதுக்கு மறுபடியும் அந்த மிஷினக் கட்டணும்னு டாக்டர் சொல்றாரு. எனக்கு லீவு கெடைக்காது. வேற ஆருகிட்டயும் கேக்கவும் மனசில்லை. நீங்க வந்து கூட இருக்க முடியுமா?

சென்னம்மாள்


கோவை
24.1.2005

சென்னம்மாளுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். உன் வீட்டில் இரண்டு நாள் இருந்தும், நீ வேலைக்குப் போய்வந்த களைப்பில் சோறு போட, நான் சாப்பிட, அவ்வளவுதான் பேசினோம். எனக்கு எதிரில் ஆள் இருந்தால் வார்த்தை வருவதில்லை. அதனால் அன்று பகலில் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டது. 4.20: 151/94. முப்பத்தொன்பதிலும் அதுதான் அதிகம். அதன் பக்கத்தில் ‘மாடிப்படி ஏறியிருப்பான்’ என்று எழுதிவைத்திருந்தேன். நானும் அதே நேரத்தில் உன் வாசலில் நின்றது அப்போது நினைவுக்கு வரவில்லை. ஆயிரம் நோட்டு எழுதி என்ன?

ஆட்டோவில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கட்டியது ஒரு புதுப் பையன். நன்றாகக் கட்டினான், ஆனாலும் அவன் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார வைத்தேன். பட்டை இறுகத் தொடங்கும்போதெல்லாம் கன்னையன் இடது கையைத் தொடைமேல் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். முடிந்ததும் திறப்பான். இரவில் அவன் கையை மடக்காமல் நீ பிடித்துக்கொண்டிருந்தாயே, அதனால் அரை மணிக்கு ஒன்றாகப் பதினைந்து தேறியிருக்கின்றன. பகலில் 131, இரவில் 124. மாத்திரை பிடிக்கிறது, இதே அளவு போதும் என்கிறார் டாக்டர். எல்லாம் அவனுடைய அளவுகள். பதிவுத்தாளை நான் எழுதினேன். நாற்காலி, படுக்கை, கஞ்சி, படுக்கை, நாற்காலி. அதற்குமேல் எழுத எதுவும் கிடைக்கவில்லை. சந்தேகப்படுவதற்கும் அதில் எதுவும் இல்லை. ஒரு நல்ல பதிவு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள அவன் இப்படி ஆகியிருக்க வேண்டாம்.

உன்னிடம் சொல்ல நினைத்தது வேறு.

கட்டுவதற்கு முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது எழுதினேன். அடுத்தது தொழில். அங்கே ‘இல்லை’ என்று எழுதப் பேனாவை வைத்தேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தவன் இடது கையை நீட்டி அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டான். எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை. ‘என்னடா?’ என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தான். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரோ ‘சீக்கிரம் எழுதுங்க’ என்றார்கள்.

‘கட்டிங் மாஸ்டர்னு போடட்டுமா?’ என்று கேட்டேன்.

தலையை ஆட்டினான்.

நாச்சிமுத்து அந்த மேஜைக்கு வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது என்று போனில் நீ சொல்லியிருந்தாய். அவனுக்கும் தெரியும். எனக்குத் தெரிந்து, உண்மையில்லாத ஒன்றை ஒரு படிவத்தில் என் கைப்பட எழுதியதில்லை. எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் விரலை எடுத்தான்.

மாரக்காள்